சிவப்பா மண்ணிறமா என்று தெரியாமல் நான் எடுத்துத் தந்த இரண்டு ரெசிஸ்டர்கள்

என் அன்பு மச்சான் சியாத், மண்ணுக்குள்ளே நீ அமைதியாகப் படுத்திருக்க, மண்ணுக்கு மேலே நடுங்கித் திரிகிறவனின் ஸலாம்.

நீ இப்போது இருக்கிற இடத்தில் யார் பொய் சொன்னான், யார் மெய் சொன்னான் என்பதெல்லாம் வெளியாகிவிடும் என்று மௌலவி சொல்கிறார். அப்படியானால் இது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிவப்பும் மண்ணிறமும் ஒன்றுதான். பச்சையையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்.

ஓம், நான்தான். கல்முனை பசாரில் இருபது வருடமாகச் சாறி விற்கிற ஹனீபா. "இந்தப் பச்சை உங்கட முகத்துக்கு எடுப்பா இரிக்கும் ராத்தா" என்று கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிற அதே ஹனீபா. என் கடையில் ஒவ்வொரு தட்டுக்கும் நிறத்தின் பெயர் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து, "என்ன ஒழுங்குடா ஒனக்கு" என்று நீ மெச்சுவாய். அது ஒழுங்கில்லை மச்சான். சரக்கோடு வருகிற சீட்டில் நிறம் எழுதியிருக்கும். அதை வெட்டி ஒட்டிவைத்து, அந்தக் கடுதாசியைப் பிடித்துக்கொண்டுதான் இருபது வருடம் நடந்தேன்.

ஏழாம் வகுப்புச் சித்திரப் பாடத்தில் தென்னோலைக்கு மண்ணிறம் தீட்டி, பாடம் முடியும்வரை முழங்காலில் நின்றேன். அன்று முடிவெடுத்தேன், இனி இதை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று. நான் ஊரில் உள்ள எல்லார் கதையையும் எல்லாருக்கும் சொல்கிறவன். என்ட கதையை மட்டும் வாய்க்குள் வைத்திருந்தேன்.

உன்ட மேசைக்கு நான் வந்ததுதான் பிழை. ஒலுவில் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் வாடியில் பகலெல்லாம் மோட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து, சத்தத்தைக் கூட்டித் தருகிற அம்ப் பெட்டி செய்வாய். கடையில் விற்கிற அம்ப் எல்லாம் உனக்குத் தகரப் பேணி. ஒவ்வொரு சாமானையும் தேடித் தேடி எடுத்து, நீயே ஈயம் பற்றவைத்துச் செய்தால்தான் உனக்குச் சத்தம். காபன் ரெசிஸ்டரை எடுத்தால் தட்டிவிடுவாய். "இது சும்மா இரிக்கக்குள்ளயும் இரையும் மச்சான். மெட்டல் ஃபிலிம் எடு." வட்டப் பொட்டு மாதிரி இருக்கிற கப்பாசிட்டரைச் சத்தம் போகிற வழியில் வைக்கவே விடமாட்டாய். "இத வெச்சா ஓதுறவர்ட தொண்டைக்குள்ள மணல் உழுந்த மாதிரி இரிக்கும்." எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டதே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணும் இப்படி, காதும் இப்படி. அல்லாஹ் எனக்கு நாக்கை மட்டும் முழுதாகத் தந்திருக்கிறான்.

நாற்பத்தைந்து தாண்டியதும் உன் கண் பின்வாங்கியது. அரிசி மணி மாதிரி ரெசிஸ்டர். அதன் மேல் மயிர் மாதிரி நிறக்கோடுகள். அந்தக் கோடுகளை வாசித்துத்தான் அது எத்தனை ஓம் என்று அறிய வேண்டும். (ஊருக்குள் ஓம் என்றால் சம்மதம். உன்ட மேசையில் ஓம் என்றால் தடை. அப்போதே நான் எழும்பி வந்திருக்க வேண்டும்.)

"மச்சான், இஞ்ச வா," என்றாய். "கண்ணாடி போட்டும் இந்தக் கோடு தெரியுதில்ல. நீ வாசி. துணிக்கடைக்காரன்ட கண்ணு நிறத்துல பிழைக்குமா?"

"தெரியா" என்ற ஒரு சொல் போதும். அது தொண்டைவரைக்கும் வந்தது. வாய் திறந்தபோது, "சிவப்பு, சிவப்பு, மண்ணிறம்" என்று வந்துவிட்டது.

பிறகு அந்தப் பொய்க்குத் தொழில்நுட்பம் கண்டுபிடித்தேன். அஸருக்குப் பாங்கு சொன்னதும் நீ எழும்பிப் போவாய். "நீ போ, நான் பின்னால வாறன்" என்பேன். நீ முடக்குத் திரும்பியதும் உன்ட மீட்டரை எடுத்து, பிரித்துவைத்த ரெசிஸ்டர் ஒவ்வொன்றையும் அளந்து, பிழையானதைச் சரியான கிண்ணத்தில் போட்டுவிட்டு ஓடிவருவேன். எத்தனை நாள் கடைசி வரிசையில், கடைசி ரக்அத்தில் வந்து சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. மச்சான், மீட்டர் உன் கைக்கு எட்டின தூரத்தில் இருக்க, நீ ஏன் என் கண்ணை நம்பினாய்?

அந்த ஒரு நாள் மட்டும் மீட்டரின் பேட்டரி செத்துக் கிடந்தது. உன் பெண்சாதி நஸீமாவுக்கென்று நீ செய்த அம்ப் பெட்டி அது. கடற்காற்றில் ரெசிஸ்டர்ப் பைகளின் எழுத்தும் அழிந்துபோயிருந்தது. "ரெண்டாயிரத்து இருநூறு ஓம் ரெண்டு தா மச்சான். பெரிசு, ஒரு வாட் தாங்குறது" என்று கையை நீட்டினாய். சிவப்பு, சிவப்பு, சிவப்பு இருக்க வேண்டும். நான் இரண்டை எடுத்து, மூன்று சிவப்பையும் வாயால் சொல்லி, உன் உள்ளங்கையில் வைத்தேன். முதல் கோடு மண்ணிறமாக இருந்தால் அது ஆயிரத்து இருநூறு.

அவை எங்கே போகின்றன என்பதும் எனக்குத் தெரியும். நீயே விளங்கப்படுத்தினாய். "கப்பாசிட்டர் எண்டா குளம் மச்சான். சுவிட்ச நிப்பாட்டினாலும் உள்ளுக்குத் தண்ணி நிக்கும். இந்த ரெசிஸ்டர் அத மெல்ல மெல்ல வடிய விடுற கதவு." ஓம் குறைந்து அந்தக் கதவு அளவுக்கு மேல் திறந்திருந்தால், அம்ப் ஓடுகிற நேரமெல்லாம் ரெசிஸ்டர் கொதிக்கும். ஒட்டி நிற்கிற கப்பாசிட்டர் வேகும். வெந்த கப்பாசிட்டர் என்ன செய்யும் என்று கேட்டேன். நீ இரண்டு கையையும் விரித்து, "டுமீல்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போதும் என் வயிற்றுக்குள் கேட்கிறது.

ஒரு மாதம் கழித்து, ஐஸ் வாடிப் படியில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை என்று வந்து சொன்னார்கள்.

நீ மௌத்தாகி மூன்றாம் நாள். என் பெண்சாதி ஸரீனா உன் வீட்டிலிருந்து வந்து சோறு போட்டாள். "பாவம் நஸீமா," என்றாள். "அந்த அறைக்குள்ளயே இரிக்கி. சியாத் காக்கா செஞ்ச பெட்டிய பக்கத்துல வெச்சிக்கிட்டு, ராவு பகலா குர்ஆன் ஓதல் போகுது. நிப்பாட்டுறதே இல்லயாம்."

சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

மச்சான், விளங்குகிறதா? புருஷன் மௌத்தானவள் வெளியே வராமல் இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தா. கதவைச் சாத்திக்கொண்டு உன் பெண்சாதி உள்ளே. அவள் தலைமாட்டில் நான் எடுத்துத் தந்த இரண்டு ரெசிஸ்டர். அந்நிய ஆண் நான், அந்தப் படியை மிதிக்க ஏலாது. "காக்கா" என்று அவள் என்னைக் கூப்பிடுவது வாயளவில்தான், மார்க்கத்தில் நான் வேற்று ஆள். சொல்லி அனுப்பலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் என் கண் வெளியே வரும். கண் வெளியே வந்தால் எந்தப் பெண் என் கடையில் சாறி எடுப்பாள்?

ஆகவே உன் மச்சான் ஒரு வீரச் செயல் செய்தான். உன் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையால் தினமும் அஸருக்குப் பிறகு மெல்ல நடந்து, மூக்கால் மோப்பம் பிடித்தான்.

உன் ஒழுங்கையில் எத்தனை மணம் இருக்கிறது என்று உயிரோடு இருந்தபோது நீ கவனித்தாயா? கருவாடு பொரிக்கிற மணம் எனக்குக் கருகிற பலகையாகத் தெரிந்தது. யாரோ துணியில் இஸ்திரிக்கை வைக்க, அந்தச் சூட்டு மணத்துக்கு நான் கலிமாச் சொன்னேன். உள்ளே ஓதல் கேட்டால் கப்பாசிட்டர் வேகிறதென்று பயம். கேட்காவிட்டால் வெடித்துவிட்டதென்று பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் எனக்குச் சர்க்கரை ஏறியது, ஆறு றாத்தல் குறைந்தது. ஸரீனா, "மௌத்தாப் போனவர நினைச்சே உருகிப் போறார்" என்று ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஒரு நாள் உண்மையாகவே புகை. உன் கூரையை ஒட்டித் தடிப்பாக எழும்பியது. நான் படலையைப் பிடித்துக்கொண்டு, "கரண்ட நிப்பாட்டுங்க! கரண்ட நிப்பாட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டுக் கதீஜா ராத்தா தலையை நீட்டினாள். கையில் தேங்காய் மட்டை. நுளம்பு கடிக்கிறதென்று புகை போட்டிருக்கிறாள்.

என்னை மேலிருந்து கீழ் பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த உன் கதவைப் பார்த்தாள். மறுகா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம் மச்சான். எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்!

அந்தப் புகைக்கு நாலாம் நாள் மரைக்கார் கடைக்கு வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர் வேலை வெட்டி இல்லாமல் துணிக்கடையில் குந்தமாட்டார். ஒரு வெள்ளைச் சாரனை விரித்தார், மடித்தார், விரித்தார்.

"ஹனீபா தம்பி, ஒரு கதை அடிபடுது."

"என்ன கதை மரைக்கார்?"

"நஸீமா புள்ளட வேலியால நீ மோப்பம் புடிச்சித் திரியிறியாம்."

"மோப்பம்தான் மரைக்கார், ஆனா..."

"மோப்பம்தான் எண்டு நீயே செல்ற!"

"அது வேற மோப்பம்."

"வேற மோப்பமா? மௌத்தாகி நாப்பது கழியல்ல. அந்தப் புள்ள இத்தாவில இரிக்கி. ஒனக்கு வெக்கமில்லாட்டியும் அவட பேர யோசி."

சாரனை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்தான் என்னை உடைத்தது. அவட பேர். என் மானத்தைக் காப்பாற்ற நான் பொத்திவைத்தது, அறைக்குள் கிடக்கிற ஒருத்தியின் மானத்தில் கொண்டுபோய் முட்டிவிட்டது. அவளுக்கு நெருப்பும் என்னால், பேச்சும் என்னால்.

வீட்டுக்கு வந்து ஸரீனாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கிட்ட வந்து என் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, அப்ப இருவது வருசமா நீங்க பசார்ல விக்கிறது?"

"சீட்டுல எழுதியிருக்கிறத."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகமும் வெளுத்தது. "யா அல்லாஹ், அந்தப் புள்ள கதவச் சாத்திக்கிட்டெலா தூங்குது" என்று முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அரை மணித்தியாலத்தில் வெறுங்கையோடு வந்தாள். நஸீமா பெட்டியைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். "அவர் கடைசியாச் செஞ்ச சாமான் மச்சி. இத்தா முடியிறமட்டும் ஒருத்தரையும் தொட உடமாட்டன். வேணுமெண்டா ஏன் எண்டு காக்காவே வந்து செல்லட்டும்."

வந்து சொல்லட்டும்! அடுத்த நாள் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு உன் முற்றத்தில் ஒரு கதிரை போட்டார்கள். அவளின் தம்பி ஜெமீல் பக்கத்தில் நின்றான். வாசலில் திரை. (என்ன நிறத் திரை என்று என்னிடம் கேட்காதே.) திரைக்கு உள்ளே நஸீமா, திரை ஓரத்தில் ஸரீனா. வேலிக்கு அங்கால் கதீஜா ராத்தாவின் வீட்டில் திடீரென்று பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கேட்பதற்கு வசதியாகத்தான்.

கடையை நினைத்தேன். உன்னை நினைத்தேன். திரையைப் பார்த்துச் சொன்னேன். "நஸீமா, அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு சாமான் நான் எடுத்துக் குடுத்தது. நிறம் பார்த்து எடுக்கோணும். எனக்கு நிறம் தெரியா புள்ள. சின்னதுல இருந்தே தெரியா. சியாத்துக்கும் செல்லல்ல. பிழையான சாமானா இரிந்தா அது வெடிக்கும்."

திரையின் ஓரம் அசைந்தது.

"காக்கா," என்றாள் நஸீமா. "அப்ப போன பெருநாளைக்கு மயில் கழுத்து நிறம் எண்டு தந்தீங்களே?"

"சீட்டுல அப்படித்தான் இரிந்த புள்ள."

"அது பழுத்த நாவல் நிறம் காக்கா. அவரும் பார்த்திட்டு நல்ல மயில் எண்டார்."

சிரித்தாள் மச்சான். நீ போனபிறகு முதல் தரமாகச் சிரித்தாள் என்று ஸரீனா சொன்னாள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே முறிந்து அழுகையானதும் எனக்குக் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜெமீல், அதக் குடுத்து உடு. காக்கா சரியாக்கித் தரட்டும்" என்றாள். மஃரிபுக்கு முன்னே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கதீஜா ராத்தாவின் வேகம் என்னையும் வென்றது.

பெட்டியை என் வீட்டு மேசையில் வைத்தபோது தகரம் குளிர்ந்திருந்தது. கொண்டுவந்த நேரத்தில் ஆறியிருக்கும் என்று எண்ணினேன். மூடியைக் கழற்றினேன், உள்ளே கை வைக்கவில்லை. கரண்ட் இல்லாமலும் கப்பாசிட்டர் கடிக்கும் என்று நீ சொன்னது நினைவு. பெட்டியோடு ஜெமீல் தந்துவிட்ட உன்ட மீட்டருக்குப் புதுப் பேட்டரி போட்டு, இரண்டு முனையையும் கப்பாசிட்டரில் வைத்து, பூச்சியம் என்று காட்டும்வரை காத்திருந்தேன். காட்டியபிறகும் ஸரீனாவின் ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் ஒரு காலைக் கழற்றி அளந்தேன். முதலாவது இரண்டாயிரத்து இருநூறு. நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது. இரண்டாவது ஆயிரத்து இருநூறு.

திரும்பவும் அளந்தேன், அதே எண். அதன் கீழே பலகை தவிட்டு நிறமாகக் கருகியிருக்கிறது என்று ஸரீனா சொன்னாள். நிறம் அவள் சொன்னது, மணம் நானே அறிந்தது. பக்கத்துக் கப்பாசிட்டரின் தலை, விரலால் தடவினால் தெரிகிற அளவுக்குப் புடைத்திருந்தது. இந்தப் பயம் வெறும் பயமாகவே இருந்திருக்கக் கூடாதா?

கொழும்பிலிருந்து சாமான் எடுப்பித்தேன். நீ செய்கிற மாதிரியே செய்தேன். முப்பத்தைந்து வோல்ட் ஓடுகிற இடத்துக்கு ஐம்பது வோல்ட் என்று எழுதிய கப்பாசிட்டர், நூற்றைந்து பாகைச் சூடு தாங்குவது. வந்த கப்பாசிட்டர்களை நகைக்கடைக்குக் கொண்டுபோய்ப் பவுண் நிறுக்கிற தராசில் வைத்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "சியாத் காக்காட பைத்தியம் ஒங்களுக்கும் புடிச்சிட்டா?" என்றார். மூன்று ஒரே பாரம். ஒன்று பொரி மாதிரி இலேசு. வெட்டிப் பார்த்தேன். பெரிய சட்டைக்குள் ஒரு சின்னக் கப்பாசிட்டரைத் திணித்து விற்றிருக்கிறார்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை மச்சான், எங்கேயோ பழகின ஆள் மாதிரி இருந்தது.

ரெசிஸ்டரைக் கண்ணால் எடுக்கவில்லை. மூன்று தரம் அளந்து, டேப் ஒட்டி, எண்ணை எழுதி, பிறகுதான் வைத்தேன். ஈயம் என் விரலிலும் கொஞ்சம் இருக்கிறது.

கடையைக் கேட்கிறாயா? மூடவில்லை. ஸரீனா வந்து குந்தியிருந்து நிறம் சொல்கிறாள், நான் விலை சொல்கிறேன். ஏழெட்டுப் பெண்கள் ஒன்றாக வந்து, "ஹனீபா காக்கா, இது என்ன நிறம்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறார்கள். மரைக்கார் வந்து, விட்டுப்போன வெள்ளைச் சாரனை வாங்கினார். "இது வெள்ளைதான், நானே பார்த்திட்டன்" என்றார்.

ஆனால் பயம் போகவில்லை. நாம் இரண்டு பேரும் செய்த பெட்டிகள் இன்னும் ஆறு வெளியே இருக்கின்றன. முடி வெட்டுகிற கடையில் ஒன்று, மதறஸாவில் ஒன்று, சொறிக்கல்முனையில் உன் சிநேகிதர் வீட்டில் ஒன்று. அவற்றுக்கெல்லாம் அளந்துதான் தந்தேன். அளந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு அஸரிலாவது அவசரத்தில் விட்டிருப்பேனோ? நீ இருந்தால் கேட்கலாம். நீ இருந்தால் இதைச் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

உனக்கு வாக்குத் தருகிறேன். றமழான் பிறை காணுமுன் அந்த ஆறு வீட்டுக்கும் போவேன். கதவைத் தட்டி, என் கண்ணின் கதையை முதலில் சொல்லி, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரால் அளப்பேன். அதுவரை அவற்றை ஓடவிட வேண்டாம் என்று இதை வாசிக்கிற எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். உன் பெயரால் ஒரு வீட்டிலும் புகை எழும்ப விடமாட்டேன் மச்சான். உன் கப்றை அல்லாஹ் விசாலமாக்கட்டும், அதில் வெளிச்சத்தைத் தரட்டும்.

உன் பிள்ளைகளுக்கு மாமா, உன் நஸீமாவுக்குக் காக்கா, உனக்கு எப்போதும் மச்சான்,
ஹனீபா

பின்குறிப்பு: பெட்டியை ஸரீனாதான் திருப்பிக் கொண்டுபோய் அறைக்குள் வைத்தாள். வயரை எங்கே செருகுவது என்று கேட்டிருக்கிறாள். "செருகத் தேவல்ல மச்சி," என்றாளாம் நஸீமா. "அவர் மௌத்தான அண்டைக்கே கழட்டிட்டன். ஓதல் என்ட போன்ல போகுது. பெட்டி, போன் வைக்கிறதுக்கு நல்ல உயரம்."